விடுதலைப் பத்திரம்

பத்தொன்பதாம் நாள்.
இருபத்தொரு நாள் வாய் திறக்கக் கூடாது,
கிசுகிசுக்கவும் கூடாது என்று
குரல்நாணில் நொய்யரிசி அளவு இரண்டு முடிச்சைத்
திரையில் காட்டிச் சொன்னார் அந்த ஊர் டாக்டர்.
கோவிலூரில் இது நேர்ச்சை என்றுதான் பேச்சு.
எதிர்வீட்டு பிலோமினா கேட்டே விட்டாள்:
"எதுக்குடி வேண்டுதல், கல்யாணத்துக்கா?"
செல்போனில் தட்டிக் காட்டினேன்:
தொண்டைக்கு.

பதினோரு வருஷம்.
தரையில் மல்லாந்து, வயிற்றில் அகராதியை வைத்து
அது ஏறி இறங்குவதைப் பார்த்தது முதல் ஆண்டு.
தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ரா விட்டுக் குமிழி ஊதியது
எல்லா ஆண்டும்.
என்னைவிட நாலு வயது சின்னவள் கத்யா
பியானோவை நிறுத்திவிட்டுச் சொல்வாள்:
உன் நாக்கு எப்போதும் எதையோ
சொல்லத் தயாராக நிற்கிறது, படுக்கவை.
ழகரத்துக்குப் பழகின நாக்கு,
படுக்குமா?

குரல் தேர்வுகள் இருபத்து மூன்று.
எட்டாவது அடியிலேயே "நன்றி" என்பார்கள்.
அங்கே அதற்குப் போகலாம் என்று பொருள்.
கிடைத்தது கோரஸ்.
ஒரே ஒருமுறை தனிக்குரல்:
மேடைக்குப் பின்னால் ஏணிமேல் நின்று
வானத்திலிருந்து வரும் குரலாக, இரண்டு நிமிடம்.
யாரும் பார்க்கப் போவதில்லை, ஸ்வெட்டரோடு பாடினேன்.
அண்ணனுக்கு அனுப்பிய பதிவில்
எவரோ இருமியதுதான் தெளிவாகக் கேட்டது.
"இருமினது நீயா?" என்றான்.

போன வாரம்,
வீட்டில் இருந்தால் பேசிவிடுவேன் என்று
அவன் லாரியில் ஏறிக்கொண்டேன். சேலத்துக்குப் புளி லோடு.
தொப்பூர் கணவாய் முகப்பில்
இரண்டாவது கியருக்கு இறக்கினான் இன்னாசி.
எஞ்சின் ஒரு நொடி தடுமாறி
மேலே போய்க் கத்தியது.
பக்கத்தில் ஒரு டாரஸ் நியூட்ரலில்
சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.
"டீசல் மிச்சம் பண்றானாம்."

ஏறத்தானே எனக்குச் சொல்லித் தந்தார்கள்.
உச்சியிலிருந்து வந்தபோதெல்லாம்
நியூட்ரலில் வந்திருக்கிறேனோ?
தட்டி, அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.
"ரோட்டுல இருக்கேன், அப்புறம் படிக்கிறேன்."
படிக்கவில்லை.

இன்று சார்பதிவாளர் அலுவலகம். டோக்கன் நாற்பத்தாறு.
ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பில் என் பாகத்தை
அவனுக்கே எழுதிக் கொடுக்கிறேன்.
அதை அடகு வைத்துத்தான்
முதல் மூன்று வருஷ ஃபீஸ் கட்டினான்.
பத்திரத்தில் அதற்கு இடம் இல்லை.
கைரேகை ஆயிற்று. கேமரா ஆயிற்று.

"சூசைநாதன் மகள் அமலோற்பவம்,
யாரும் வற்புறுத்தலையே? சம்மதந்தானே?"
தலையாட்டினேன்.
"வாயால சொல்லணும்மா."
டாக்டர் சீட்டை நீட்டினான் இன்னாசி.
ஜெர்மனில் இருந்தது.
அவர் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி.

வயிற்றில் அகராதி.
நாக்கைப் படுக்கவைத்து
மூச்சை அரைப்பங்கு எடுத்து
மேலிருந்து, கியரிலேயே,
"சம்மதம்" என்றேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
அவர் காதுப்பக்கம் கையைக் குவித்து
"கொஞ்சம் சத்தமா" என்றார்.