இடது கால்

என் பெயர் சிகப்பி. வண்டியும் சிகப்பு.
அதைச் சொல்லி பிரிட்டோ ஒருமுறை சிரித்தார்.
இரண்டாம் முறை சிரித்தபோது
விலையில் ஐயாயிரம் குறைக்கச் சொன்னேன்.

கழனிவாசல் ஷெட்டில் இரண்டு நிற்கின்றன,
ஒரே வருடம், ஒரே அச்சு,
ஆளுக்கொரு இருக்கை, தரையோடு படுத்த உடம்பு.
ஒன்றில் மூன்று பெடல். மற்றதில் இரண்டு.
ஐம்பது வயதில் இதெல்லாம் எதற்கு
என்று கேட்காத ஒரே ஆள் சேவுகன்.
என் கணவர். அவர் கேட்டது மைலேஜ்.

முதலில் மூன்று பெடல்.
செக்காலை ரோட்டில் அதற்கு எதுவும் பிடிக்கவில்லை:
ஷேர் ஆட்டோ, வேகத்தடை,
கிளட்சை விடும் என் அவசரம்.
கானாடுகாத்தானில் தெரு விரிந்தது.
வீட்டின் பக்கச் சுவர் இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில்தான் முடியும் ஊர்.
ஒரு சுவர் நீளம் இரண்டாம் கியர்.
அடுத்த சுவர் மூன்று.
இடையில் ஒரு சந்தின் அகலம்
எந்தக் கியரிலும் இல்லாமல் வண்டி சும்மா மிதந்தது.
இரவு முழுக்க
அந்தச் சந்துதான் நினைவில் வந்துகொண்டிருந்தது.

ஆனால் ரயில்வே கேட்டில் பதினோரு நிமிடம்.
கேட் திறந்ததும் ஒரு குலுக்கல், அணைந்துபோனது.
பின்னால் செங்கல் டிராக்டர் அடித்த ஹாரனில்
கெட்ட வார்த்தை தெளிவாகக் கேட்டது.
சேவுகன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
அவர் சிரிக்கும் விதம் அது.

மறுநாள் இரண்டு பெடல்.
பொய் சொல்ல மாட்டேன், என்னைவிடக் கெட்டிக்காரி.
திருச்சி ரோட்டில் லாரியை முந்தலாமா என்று
யோசித்து முடிப்பதற்குள்
லாரி கண்ணாடியில் இருந்தது.

எனக்கு இந்த வழக்கு புதிதில்லை.
ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுப்பவள் நான்.
படுத்திருப்பவருக்கு மூச்சு ஊட்ட மெஷின் உண்டு,
களைக்காது, எண்ணிக்கை தவறாது.
பக்கத்திலேயே கறுப்பு ரப்பர் பை ஒன்று தொங்கும்.
தேவையில்லாத நாளிலும் சில நிமிடம்
பைக்கு மாறிக் கையால் அழுத்துவேன்.
நெஞ்சு லேசாக இறுகினால்
திரையில் எண் ஏறுமுன் உள்ளங்கைக்குத் தெரியும்.
சில நாள் எண் முந்திக்கொள்ளும்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேவுகன் ஆடிட்டர். பட்டியல் போட்டுவிட்டார்:
முழங்கால், மறுவிற்பனை, மதுரை டிராஃபிக்,
கிளட்ச் தட்டு மாற்றும் செலவு...
ஆட்டோமேட்டிக் ஏழு, மேனுவல் இரண்டு.
அந்த இரண்டில் ஒன்று
‘சிகப்பி ஆசை’ என்று பென்சிலில்.

பள்ளத்தூர் வளைவில் ஆடுகள்.
வண்டி நின்றபின் குனிந்து பார்த்தேன்.
என் இடது கால்
வெறும் மிதியடியை அமுக்கிக்கொண்டிருந்தது,
அங்கே கிளட்ச் இருப்பதாக நம்பி.
பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.
அவருடைய வலது கால்
அவருடைய மிதியடியை. இன்னும் ஆழமாக.

கோயில் கணக்கில்
இருபத்துநான்கு வருடமாக நாங்கள் ஒரே புள்ளி.
அந்தப் புள்ளியின் இரண்டு கால்கள்
இல்லாத பெடல்களை மிதித்துக்கொண்டிருக்க
கடைசி ஆடு
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்தது.

“எது மேடம்?” சாவிகள் இரண்டையும்
தராசு போலப் பிடித்துக்கொண்டு பிரிட்டோ.
“மூணு பெடல்.”
சேவுகன் பட்டியலை நான்காக மடித்தார்.
“ஏன்னு கேக்கலாமா?”
“ரெண்டு பேர்ல ஒருத்தர் காலுக்காவது
வேலை இருக்கட்டும்.”
மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

முன்பணம் கொடுத்துவிட்டு
எங்கள் பழைய காரில் திரும்பினோம், அவர் ஓட்ட.
கல்லுக்கட்டி முக்கில்
ஒரு சைக்கிள் குறுக்கே வந்தபோது கவனித்தேன்,
என் வலது கால்.