ஒப்பீட்டுப் படிவம்

சேரம்பாடி தாண்டி மண்ரோடு இரண்டாகப் பிரிகிறது.
இடப்பக்கம் அரசுத் தோட்டத்து லயங்கள்.
வலப்பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகள்,
நடுவே நீலம் பூசிய மாடி வீடுகள்.
பக்கத்துக்கு நாற்பது குடும்பம்.
வீட்டுக்கு அறுபது ரூபாய் எனக்குக் கூலி.
அட்டைக்கு உப்பு சொந்தச் செலவு.

கோயம்புத்தூர்ப் பேராசிரியர்
தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்:
ஒரே பத்தாண்டில் இந்த மலைக்கு வந்த இரண்டு கூட்டம்.
ஒன்று தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக.
மற்றது மீனச்சிலாற்றங்கரை விட்டு
நாடுகாணிச் சுரம் ஏறி.
ஒரே மழை, ஒரே மண், ஒரே யானை.
பிறகேன் ஒருவர் பேத்தி டப்ளினில் நர்ஸ்,
இன்னொருவர் பேத்தி திருப்பூரில் பனியன் மடிக்கிறாள்?
கண்டுபிடி, கோகிலவதனி.

நான் இடப்பக்கத்துக்காரி என்று
அவரிடம் சொல்லவில்லை.

குரியாக்கோஸ் வீடு, வரிசை எண் ஏழு.
நாற்காலி போட்டார்கள். கட்டன் சாயா, வேகவைத்த கப்பை.
கேள்வி பதினொன்று: வந்தபோது கையில் என்ன இருந்தது?
ஒன்றுமில்லை மோளே, வெறுங்கை, என்றார்.
சற்றுப் பொறுத்து,
ஈரச்சாக்கில் நூறு மிளகுத் தண்டு,
பாலாவில் விற்ற அரை ஏக்கரின் பணம்,
இங்கிருந்த பாதிரியாருக்கு ஒரு கடிதம்.
அதைத்தான் வெறுங்கை என்று நம்பியிருந்தார்.
பொய்யில்லை. முதல் மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு
இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர்.

சிவனுலிங்கம் வீடு, ஐம்பத்தொன்று.
ஒரே அறை. முழங்காலில் படிவத்தை வைத்து எழுதினேன்.
டிரங்குப்பெட்டி திறந்து
குடும்ப அட்டையைக் காட்டினார்.
ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தின் பெயர், கப்பல் நாள், ஆறு தலை.
தையல் மெஷினை மண்டபத்திலேயே விற்றாயிற்று.
"வேல இருந்துச்சும்மா," என்றார்,
அதையும் நான் அடித்துவிடுவேன் என்பது போல.
வேலை இருந்தது. இறங்கிய வாரமே பேர் பதிந்தார்கள்.
பேர் நீங்கியதும் லயத்தைக் காலிசெய்யக் கடிதம்.
மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு
ஒன்பது வருஷம் தாலுகா ஆபீஸ்.
சிலோன்காரன் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்குப் பள்ளி என்றால் மாதா கோயில்.
எங்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிக்கூடம்.
வலப்பக்கம் ஐந்து வருஷத்தில்
இரண்டும் எழும்பின, ஒரே காம்பவுண்டுக்குள்.
இடப்பக்கம் பிள்ளைக்காம்பிராச் சுவரில்
ஆனா ஆவன்னா.
அஞ்சாப்புக்கு மேல் எட்டு கிலோமீட்டர்.

உழைப்பா, குணமா, குடியா
என்று மூன்று கட்டம் வைத்திருந்தார் பேராசிரியர்.
தபால்காரனைக் கேட்டிருந்தால்
ஒரே வரியில் சொல்லியிருப்பான்
யாருக்கு யாரிடமிருந்து கடிதம் வந்ததென்று.

கேள்வி இருபத்திரண்டு: பட்டா உண்டா?
மாடி வீட்டிலும் இல்லை. லயத்திலும் இல்லை.
ஜென்மம் நிலம், கேஸ் நடக்கிறது.
அந்த ஒரு கட்டத்தில் மட்டும்
இரண்டு கூட்டமும் தோளோடு தோள் நின்றது.
வேறுபாடு காட்டாத கேள்வி, நீக்கிவிடு
என்று போனில் சொன்னார்.

வளைவில் விறகுக்கட்டோடு ஒரு பணியர் பெண்.
"எங்களுக்கு எழுதலையா?"
இது வந்தவர்களுக்கு மட்டும், அக்கா.
"நாங்க எங்கிருந்தும் வரலியே" என்று
கட்டைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.
பின்பக்கம் காலியாக இருந்தும்
அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

எண்பதாவது வீடு பூட்டிக் கிடந்தது.
மழை வேறு. கடைசி பஸ் போய்விட்டது.
எங்கள் வீட்டையே எழுதினேன்.
அப்பா: பென்ஷன். அம்மா: நாள்கூலி.
நான்: என்ன எழுதுவது, கணக்கெடுப்பு.
மாத வருமானம் என்ற இடத்தில்
இந்தப் படிவத்துக்கான அறுபதையும்
சேர்த்துக்கொண்டேன்.
இடப்பக்கத்துச் சராசரி
ஒன்றரை ரூபாய் ஏறியது.