வண்டியை ஓட்டியவர் யார்

பழுப்பு உறை. காவல்துறை முத்திரை.
வண்டி என் பெயரில், அதனால் கடிதமும் என் பெயருக்கு.
குஹ்மோ போகும் சாலை, பிப்ரவரி ஒன்பது, இரவு 11.42.
எண்பதில் போகவேண்டிய இடத்தில் தொண்ணூற்றேழு.
அடியில் காலியாக ஒரு கட்டம்:
வண்டியை ஓட்டியவர் யார்?

யாரென்று எனக்குத் தெரியும்.
அன்றிரவு ஹாக்கி முடிந்து வந்து
பனியும் உப்புமாய்க் காலணியை வாசலில் உதறிவிட்டு
மிச்சமிருந்த பட்டாணி சூப்பைச்
சுடவைக்காமலே குடித்துப் படுத்தவன்.
உரிமம் கைக்கு வந்து ஏழு வாரம்.

"என் பெயரைப் போடு" என்கிறான் இல்மோ,
அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி.
"எனக்கு அபராதத்தோடு போய்விடும்.
அவனுக்கு இன்னும் ஒன்று விழுந்தால் உரிமமே போகும்.
மர ஆலைக்கு எப்படிப் போவான், பனிச்சறுக்கிலா?"

பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.
ஒரு புள்ளி வைத்தது.
அதற்குமேல் நகரவில்லை.

போன இலையுதிர் காலம் முழுக்க
வண்டியின் முதுகில் வெள்ளை முக்கோணம்,
பக்கத்து இருக்கையில் நான்,
என் காலடியில் திருகிவைத்த இன்னொரு பிரேக்.
கண்ணாடியைப் பார். எல்க் மான் ஒன்று கடந்தால்
பின்னாலேயே இன்னொன்று வரும், பொறு.
எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

அப்புறம், ஏரி வளைவில்:
"சாம்பல் பெட்டி வருது, கேமரா. இங்கே மட்டும் மெதுவா."
பெட்டி பின்னால் போனதும்:
"ம், இனி போகலாம்."

என் மகன் சொன்னதைக் கேட்கிறவன்.
ஜனவரியில் புதிதாக இன்னொரு பெட்டி நட்டதை
எனக்கே யாரும் சொல்லவில்லை.

ஏலிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.
கடிதத்தைப் பார்க்குமுன் என் முகத்தைப் பார்த்தான்.
"நீதானே சொன்னே" என்று ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்.
"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டான்.
மூன்று சனிக்கிழமைக் கூலி.
என் கையிலிருந்து பேனாவை எடுத்து
மேசை அதிர அழுத்தி எழுதினான்.
இல்மோ அடுப்புக் கதவை
வேண்டியதைவிடச் சத்தமாக மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நான் ஓட்டினேன்.
ஏரி வளைவு. பெட்டி. எழுபத்தெட்டு.
பெட்டி போனது. எதிரே காலி வெள்ளைச் சாலை,
இருபது வருஷப் பழக்கத்தில் கனக்கிற என் பாதம்.

பக்கத்து இருக்கையில் ஏலிஸ்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசாமல்.
அவன் வலது கால் மட்டும்
பிரேக்கைக் கழற்றிய இடத்தில்,
இரண்டு திருகுத் துளைகளின்மேல்,
மெல்ல அழுந்தியது.