வழக்கமாக

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள்.
ரெய்டு இல்லை, சர்வே என்றார்கள்.
பாராகம்பா சாலை, ஒன்பதாம் மாடி,
ஏசி ஒழுகும் மூலையில் ஒரு நீல வாளி.
இரண்டு சர்க்கரை போட்டுத் தேநீர் குடித்தார்கள்.
கோப்பைகளை அவர்களே கழுவி வைத்தார்கள்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேட்டது ஒரே ஒரு பட்டியல்:
கட்டணம் வாங்காமல் நடத்தும் வழக்குகள்.
"சும்மா ஏன் செய்கிறீர்கள்?" என்றார் மூத்தவர்,
உண்மையிலேயே புரியாதவர் போல.
கக்கர் சார் நாற்பது ஆண்டு வாதாடியவர்.
அவர் எழுந்தால் நீதிபதிகள்
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.
அன்றைக்கு அவர் பேசியது ஒரு சொல்:
"பார்க்கலாம்."

அடுத்த வாரம் ஒரு வங்கி
தன் பேனலிலிருந்து எங்களை எடுத்தது.
அதற்கடுத்த வாரம் ஓர் எண்ணெய்க் கம்பெனி.
இரண்டு கடிதத்திலும் ஒரே வாசகம்,
ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை.
யாரும் எங்களுக்கு
எந்த உத்தரவும் போடவில்லை.

பிறகு எங்கள் கொள்கை ஆவணம்
பிழை பார்க்க என் மேசைக்கு வந்தது.
ஏழாம் பத்தி முன்பு இப்படி இருந்தது:
எதிர்த்தரப்பு யாராக இருந்தாலும்
இல்லாதவர்களின் வழக்கை ஏற்போம்.
இப்போது 'யாராக இருந்தாலும்' மேல் சிவப்புக் கோடு.
'ஏற்போம்' என்பதற்கு முன்னால்
புதிதாக ஓர் ஆர்டினரிலி.
நம் மொழியில் சொன்னால், வழக்கமாக.
வழக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியில்
வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.
நான் திருத்தியது
ஒரு காற்புள்ளி.

ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள் கூட்டத்தில்.
வாளியில் சொட்டும் சத்தம் கேட்டது.

அஞ்சலையிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது,
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால்.
நாலாக் கரையில் அவள் வீடு இருந்தது.
இடித்தது போக ஒரு சுவர் நிற்கிறது.
அந்தச் சுவருக்குத்தான் தடையாணை கேட்டிருந்தோம்.
டிஃபன்ஸ் காலனியில் நான்கு வீட்டுப் பாத்திரம் முடித்து
மழையோடு வந்தாள்,
கோப்புக்கு மட்டும் பாலிதீன் சுற்றி.

கான்ஃப்ளிக்ட் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
அதை வாயில் உருட்டிப் பார்த்தேன்.
நலன் முரண், என்றேன் கடைசியில்.
"யாரோட நலன்?" என்றாள்.
எதிர்க் கேள்வியாகக் கேட்கவில்லை,
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆட்சேபணையில்லாச் சான்றை நீட்டினேன்.
இனி வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம்,
எங்களுக்கு மறுப்பில்லை என்று
கொட்டை எழுத்தில் இருந்தது.
அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இங்கயும் ஒழுகுதா?"

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
"சும்மா செஞ்சதாலதான வந்தாங்க?
காசு வாங்கினதா எழுதிக்குங்க."
ஈரத்தில் மடிந்த ஒரு ஐம்பது ரூபாய்.

எங்கள் கணினி ஐயாயிரத்துக்குக் கீழே
ரசீது அடிக்காது.
பழைய லெட்டர்ஹெட்டைத் திருப்பிப் போட்டுக்
கையால் எழுதினேன்:
பெற்றுக்கொண்டேன், வழக்குக் கட்டணம், ரூபாய் ஐம்பது.
'பெற்றுக்கொண்டோம்' என்றுதான் எழுத வந்தது.
எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.
கீழே என் பெயர்,
பார் கவுன்சில் பதிவு எண்.
அவள் அதைக் கோப்போடு வைத்து
மறுபடி பாலிதீன் சுற்றினாள்.

அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி.
விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில்
காய்ச்சல் என்று அடித்தேன்.
அழித்தேன்.
மணி ஏழரை, மாடியில் யாரும் இல்லை.
வாளி நிரம்பியிருந்தது,
கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து
மறுபடி உட்கார்ந்தேன்.