நான்காவது மனு

லோயானோ நகராட்சி, ஒலிப் பிரிவு.
ஐயா,
என் பெயர் தெர்சீல்லா ரூபீனி.
முந்தைய மூன்று மனுக்களும்
உங்கள் இழுப்பறையில் நன்றாகத் தூங்குகின்றன.
நான்தான் தூங்கவில்லை.

பொலோன்யாவில் ஆம்புலன்ஸ் அழைப்பு மேசை, இரவுப் பணி.
எதிர்முனையில் பேச வராதவர்களின்
மூச்சைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஞாயிறு விடிய வீடு வந்து
ஒரு காலணியைக் கழற்றியிருப்பேன்,
கீழே ஓலிந்தோ நால்தியின் கொட்டகையில்
ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒரு செருமல்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு வெண்கலப் பானைக்குள்
யாரோ கூழாங்கல் உருட்டுகிறார்கள்.
சோக்கை உள்ளே தள்ளத் தள்ள
பாகு கம்பிப்பதத்துக்கு வருவதுபோல்
நாலு சிலிண்டரும் ஒரே இழையாக நீளும்.

இரண்டாம் மனுவில்
‘சகிக்க முடியாத இரைச்சல்’ என்று எழுதியிருந்தேன்.
திருத்திக்கொள்ளவும்.
இரைச்சல் சரியான சொல் அல்ல.
சரியான சொல் கிடைத்ததும் தெரிவிக்கிறேன்.

வண்டி ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்,
அறுபத்தேழில் செய்தது.
சான்றிதழில் சிவப்பு;
வெயில் தின்றதுபோக மிச்சம், உரித்த தக்காளித் தோல்.
முன்னும் பின்னும் ஒன்றுபோல் சரியும் அந்த உடம்பைக்
கணவாய் மீனின் ஓடு என்பார்கள் இங்கே.
அந்தக் கணவாய்தான்
ஃபூத்தா கணவாய்க்கு ஏறுகிறது.
படுத்தபடியே எண்ணியிருக்கிறேன்:
திருப்பத்துக்குத் திருப்பம் கியர் இறங்கும், குரல் ஏறும்.
பதினொன்றாவதில் மலை அதை விழுங்கிவிடும்.
அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கமே வராது.

நால்தி மாவு விற்கிறார், பேக்கரி பேக்கரியாக.
வாரநாளில் ஓட்டுவது கொரியா வண்டி.
நாலு கதவு. சூடு வரும். கூரை ஒழுகாது.
அதைப் பற்றி மனு எழுத
என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு அந்த இழை இடறியது.
வீட்டுச் செருப்போடு இறங்கினேன்,
திட்டுவதற்குத்தான்.
வாயில் வந்தது வேறு:
“மூன்றாவதுக்கு மூச்சு முட்டுகிறது.”
அவர் நிமிராமலே, “இரண்டாவது” என்றார்.
ஒரு காப்பி பந்தயம்.
பிளக்குகளைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினார்.
மற்றவை பிஸ்கட் நிறம்.
மூன்றாவது, அடுப்புக்கரி.

காப்பி ஃபூத்தா உச்சியில் என்றார்.
போனேன்.
கதவு இரண்டாம் அறைக்குத்தான் சாத்தும்.
பெட்ரோல் வாடை ஏறிய கம்பளிப் போர்வை.
காலடித் தகட்டில் காசளவு ஓட்டை,
அதில் சாலை ஓடுகிறது, ஈரமாக.
அறுபதைத் தாண்டவேயில்லை, ஐயா.
பின்னால் வந்த பால்வண்டி எங்களை முந்திப் போனது.
வேகம் என்று நான் நினைத்திருந்தது
வேகமே இல்லை.
பனி விலகாத ஒரு திருப்பத்தில்
அவர் சும்மா கால் எடுத்தார்.
குரல் அடங்கி
குழாயில் இரண்டு சின்ன வெடிப்பு.
சிரித்துவிட்டேன்.
பணிக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம்;
ஒரு சத்தத்தைக் கேட்டு
யாருக்கு என்ன ஆச்சோ என்று
பயப்படாதது அன்றைக்குத்தான்.

மனுவைத் திரும்பப் பெறவில்லை.
ஆறு மணி ஆறு மணிதான்; சட்டம் சட்டம்தான்.
ஆய்வாளரை அனுப்புங்கள்.
ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கருவியோடு,
கொட்டகை வாசலில் நின்று அளந்துகொள்ளட்டும்.
ஏறிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் சிரமம்.
வண்டியில் இருப்பது இரண்டே இருக்கை.

இப்படிக்கு,
தெ. ரூபீனி.

பி.கு: மூன்றாவதுக்குப் புதுப் பிளக் போட்டாயிற்று.
இப்போது இரண்டாவது.
அவருக்கு இன்னும் கேட்கவில்லை.