தலைப்பு எண் 6140

டர்பனில் ஜூலை மாதம் யாரும் இவ்வளவு குடிக்கமாட்டார்கள்.
துறைமுகக் காற்று உப்போடு வருகிறது.
ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு
ரசீதுகளைக் கூட்டுகிறேன்:
கூல்டிரிங்க், கூல்டிரிங்க், கூல்டிரிங்க்.
பதினெட்டாயிரத்து நானூறு ராண்ட்.

அலுவலகத்தில் ஒன்பது பேர்,
இரண்டு பேருக்குச் சர்க்கரை.
காலிப் பாட்டில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் யார்?
வண்டியை ஓரங்கட்டும் போலீஸ்காரர்
"இன்றைக்கு வெயில் அதிகம்" என்பார், மழையில் நின்றுகொண்டு.
கன்டெய்னர் பதினொரு நாள் கிடந்தால்
லோகன் படையாச்சி வார்ஃபுக்குப் போவான்.
பன்னிரண்டாம் நாள் லாரி கிளம்பும்.
எப்படி என்று அவன் சொல்லவில்லை,
அதற்கு அவனுக்கு டிசம்பரில் போனஸ்.
நாங்கள் கேட்கவில்லை,
எங்களுக்கும்.

சட்டம் மாறிவிட்டது என்று சொல்ல
வக்கீல் ந்த்லோவு அம்மாள் வந்தார்.
சமோசாவைத் தொடாமல் நாற்பது நிமிடம் பேசினார்:
"கொடுத்தவனோடு முடியாது.
அவன் கொடுக்காமலிருக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று
கம்பெனியைக் கேட்பார்கள்."
முதலாளி எழுந்து நின்று கைதட்டினார்.
சுவரொட்டி அடித்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
லோகனும் போட்டான், அழகான கையெழுத்து அவனுக்கு.
சுவரொட்டி இப்போது ஃப்ரிட்ஜ் கதவில்.
உள்ளே பால், யாருடையதோ இன்சுலின்.

கையூட்டு என்கிறோம் தமிழில்.
குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அதே ஊட்டு.
அது வாயைத் திற என்று ஊட்டுவது,
இது மூடு என்று.

இன்று லோகனை விசாரிக்கிறார்கள்.
"அவன் தன்னிச்சையாகச் செய்தது,
கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார் முதலாளி.
கம்பெனி என்பது யார்?
வாசலில் மினுக்கும் பித்தளைப் பலகையா?
6140-ஐத் திறந்தது நான்.
"பயணச் செலவில் போட்டால் ஆடிட்டர் நோண்டுவார்,
தனியாக வையம்மா" என்று அவர் சொன்னது
ஒரு செவ்வாய்க்கிழமை.
பெயர் வைத்ததும் நான்தான்: பானங்கள், இதர.
அந்த இதரவுக்குள் ஆறு வருடம்
ஒன்பது பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி ஐந்தேகால். கப்பல் ஒன்று ஊதுகிறது.
பழைய பெயரை அழித்து லஞ்சம் என்று அடிக்கிறேன்.
நான்கே எழுத்து, மூன்று முறை பிழையாகிறது.
மாற்றியவர் யார் என்று கேட்கிறது திரை.
அமிர்தவல்லி மூட்லி.
முழுப் பெயரும்.

தொண்டை வறண்டுவிட்டது.
ஃப்ரிட்ஜில் பால்தான் இருக்கிறது.