கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டால் அரை மணி நேரம்.
ஜீவரத்தினம் மீன் பை தொங்கும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
என் பக்கத்தில் வந்து நிற்பான்.
எழுபத்தொன்றில் நான் அந்தப் பக்கம் கைதி.
அவன் இந்தப் பக்கம்
அவர்களுடைய கைதிகளுக்குக் காவல்.
என்னை எண்ணினார்கள். அவன் எண்ணினான்.
இரண்டு பேருக்குமே அந்தப் பழக்கம் விடவில்லை.

துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டி.
உதடு மட்டும் அசைகிறது.
"அம்பத்தெட்டு."
"அம்பத்தொம்போது."
"எப்பவும் உனக்கு ஒண்ணு கூடுது தனகோட்டி,
கார்டு பெட்டியையும் சேக்கிறியா நீ?"
இத்தனை வருஷமும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இன்றைக்கு என்னவோ, வேதமுத்தைச் சொன்னேன்.
ஜனவரிக் குளிரில் ராத்திரியே போய்விட்டான்.
விடிகாலை ஃபாலினில்
கம்பளி சுற்றி, நானும் ஒரு சர்தாரும்
நடுவில் தாங்கி நிறுத்தினோம்.
சாயங்காலமும்.
இரண்டு ஃபாலின், நாலு ரொட்டி.
பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை கூடப் போட்டோம்.
ருசியாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜீவரத்தினம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்க கேம்ப்லயும் ஒருநாள்
ஒருத்தன் காலு தரையில ஊனல.
ரெண்டு பக்கமும் புடிச்சுக்கினு நின்னானுங்க,
என் மூஞ்சியப் பாக்காம.
சேத்துதான் எழுதுனேன்."

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஆட்டோக்காரன், "யோவ் பெருசு, நவுருயா!"
சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே சொன்னான்:
"அப்போ அறுவதுனு வச்சுக்கோ."